டாக்டர் சொன்ன ரைட்

மேரி வண்டியின் டிரைவர் பாண்டுரங்கனுக்கு நெஞ்சு வலித்த செய்தி, பாண்டுரங்கனுக்கு முன்பாகவே திண்டிவனம் வந்து சேர்ந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, ஐந்து நிமிஷம் மார்பைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாண்டிப் போன லாரிக்காரன் ஒருவன் அதைப் பார்த்து, திண்டிவனத்தில் டீ குடிக்கிற இடத்தில் சொல்லிவைத்தான். வாய் மாறி வாய் மாறி அது பாண்டுரங்கனுக்கு மூச்சே நின்றுவிட்டது என்கிற வரைக்கும் போயிருந்தது. அவர் முழுசாக வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது, கூடியிருந்தவர்களில் இரண்டொருவர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

வண்டியின் நெற்றியில் எழுதியிருந்த பெயர் 'அமலோற்பவமேரி மோட்டார் சர்வீஸ்'. அவ்வளவு நீளப் பெயரைச் சொல்லிக் கை காட்டுவதற்குள் வண்டி போய்விடும் என்பதால் சனங்கள் அதை மேரி வண்டி ஆக்கிவிட்டார்கள். அமலோற்பவமேரி, முதலாளி இருதயராஜின் மனைவி. பெயரிலேயே இருதயத்தை வைத்திருந்த அந்த மனிதர், தன் டிரைவருடைய இருதயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஆடிப்போனார்.

"எஞ்சின் கிளப்புற ஹேண்டில் எத்திடுச்சி மொதலாளி. காலையில கிளீனர் வரல. நானே சுத்தினேன். எஞ்சின் எதிர்ப்பக்கமா ஒரு ஒதை ஒதைச்சிது. தோளோட மாரு புடிச்சிக்கிச்சி. அதான் வலி, வேற ஒண்ணும் இல்ல" என்றார் பாண்டுரங்கன்.

"மாருல வலி வந்தா எல்லாரும் இப்பிடித்தான் எதனா ஒரு சாக்கு சொல்றாங்க. போன மாசம் அந்தப் பக்கம் ஒரு வண்டி வயல்ல எறங்கிச்சே, அந்த டிரைவரும் வாயுத்தொல்லைன்னு தான் சொல்லிக்கினு இருந்தான். எனக்கு பேஜாரு வேணாம் பாண்டு. விழுப்புரத்துல டாக்டர் நடராசன் புதுசா ஒரு மெஷின் கொண்ணாந்து வெச்சிருக்காராம். இருதயம் அடிக்கிறதக் காயிதத்துல அதுவே எழுதிக் காட்டுதாம். அவுரு கையால 'ஃபிட்'டுனு ஒரு சீட்டு வாங்கியா. திங்கக்கெழமை காலையில ஆறேகால் வண்டிய நீ எடுக்கணும். எடுக்கலன்னா அது சின்னதுரைக்குத்தான், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

சின்னதுரை என்பவன் கம்பெனியின் மாற்று டிரைவர். டிரைவர் விடுப்பெடுத்தால் அவன் எடுப்பான். குடிக்க மாட்டான், வேகம் போக மாட்டான், பெரியவர்களைக் கண்டால் பீடியை மறைப்பான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத பையன். பாண்டுரங்கனுக்கு அதுதான் பயமாக இருந்தது. அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பதினாலு வருஷமாக அந்த ஒரே ரோடு, அந்த ஒரே ஸ்டியரிங். அதை விட்டு இறங்கினால் வேறு என்ன செய்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சனிக்கிழமை விழுப்புரம் போனபோது கண்டக்டர் இன்னாசிராஜும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான். பதினாலு வருஷமும் அவருக்கு அவன்தான் கண்டக்டர். இந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஓடுகிற வண்டியில் இவர்களுக்குள் இரண்டே இரண்டு சொல்தான் புழக்கம். 'ரைட்' என்றால் போ. 'ஓல்டான்' என்றால் நில். நடுவில் பிரயாணிகள் கத்துவார்கள். "நிறுத்துப்பா", "எறங்கணும்பா", "எம் மூட்டை", "எங்க வூட்டுக்காரரு ஏறல", எல்லாம்தான் கத்துவார்கள். அதற்கெல்லாம் காது கொடுத்தால் வண்டி விக்கிரவாண்டி போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும். ஆகவே பாண்டுரங்கன் தன் காதை அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் திறந்து, மற்றதற்கெல்லாம் சாத்தி வைத்திருந்தார். நல்ல டிரைவர் என்று பெயர் வாங்கிக் கொடுத்த காது அது.

டாக்டர் நடராசன் மேல்படிப்பு படித்துவிட்டு வந்தவர். சுறுசுறுப்பானவர், அன்பானவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பழக்கம். எதற்கெடுத்தாலும் 'ரைட்' என்பார். நோயாளி வயிற்றுவலி என்றால் "ரைட்." நர்ஸ் மருந்து தீர்ந்துவிட்டது என்றால் "ரைட், ரைட்." மின்சாரம் போனாலும் "ரைட்" தான்.

பாண்டுரங்கனைச் சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்து, கைகால்களில் தகடுகளை வாரால் கட்டி, மார்பில் குளுகுளுவென்று ஒரு பசையைத் தடவி, ஆறு இடத்தில் ரப்பர் குமிழை அழுத்தி ஒட்டவைத்தார்கள். குமிழ் ஒவ்வொன்றும் சதையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. மெஷின் கரகரவென்று ஒரு நாடாக் காகிதத்தைத் துப்பியது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சும்மா படுத்திருக்கும்போது நல்லா இருக்கு. ஆனா இது எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் பாக்கிற மாதிரி. லோடு ஏத்தி மேட்டுல விட்டுப் பாக்கணும், இல்லையா?" என்றார்.

இப்படிப் பேசுகிற டாக்டரைப் பாண்டுரங்கனுக்கு உடனே பிடித்துவிட்டது.

அறையின் நடுவே ஒரு மரப்படி கிடந்தது. இந்தப் பக்கம் ஏறினால் இரண்டே படி, அந்தப் பக்கம் இறங்கினால் தரை. ஏறி இறங்கித் திரும்பி மறுபடி ஏற வேண்டும். வயதையும் எடையையும் ஒரு அட்டவணையில் பார்த்து டாக்டர் கணக்குச் சொன்னார். ஒன்றரை நிமிஷத்தில் பத்தொன்பது தடவை. முடிந்ததும் ஓடி வந்து படுக்க வேண்டும், உடனே மறுபடி படம் எடுப்பார். நடுவில் நெஞ்சு வலித்தால் சொல்லிவிட வேண்டும்.

"டீ குடிச்சிட்டு வந்துர்றேண்ணே, நீ தெகிரியமா ஏறு" என்று இன்னாசிராஜ் வெளியே போனான். அவன் போயிருக்கக் கூடாது.

நர்ஸ் எண்ண நின்றாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெடியா? ரைட்!" என்றார்.

பாண்டுரங்கன் கிளம்பினார். பதினாலு வருஷமாக அந்தச் சொல்லுக்கு வேறு எதுவும் செய்து பழக்கமில்லை. ஏறினார், இறங்கினார், திரும்பினார், ஏறினார். பத்தாவது தடவையில் உடம்பு சூடாகி நல்ல ஓட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து மெஷினில் காகிதச் சுருள் சிக்கிக்கொள்ள, டாக்டர் இவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டார்.

"பத்தொம்பது டாக்டர்!" என்றாள் நர்ஸ்.

"ரைட்!" என்றார் டாக்டர் குனிந்தபடியே.

பாண்டுரங்கன் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினார்.

"டாக்டர், இருவத்தி மூணு!"

"ரைட், ரைட். போதும்னு சொல்லு."

"போதுங்க" என்றாள் நர்ஸ். நிறுத்து என்று எத்தனை பிரயாணிகள் சொல்லிக் கேட்டவர் பாண்டுரங்கன்! நர்ஸின் குரல் அந்தச் சாத்தின காதில் மோதிக் கீழே விழுந்தது. டாக்டர் இரண்டு தடவை ரைட் சொல்லியிருக்கிறார். இரண்டு ரைட் என்றால் நேரமாகிவிட்டது, ஜல்தியாகப் போ என்று அர்த்தம். படி கடகடவென்று ஆடியது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரும் கூடவே ஆடியது.

டாக்டர் திரும்பிப் பார்த்தபோது முப்பத்தெட்டு. "அடடே, ரைட், ரைட்! நிறுத்துங்க! ரைட்டுன்னா!" என்று பதறினார். பதற்றத்தில் அவருக்கு அந்தச் சொல் இன்னும் அதிகமாக வந்தது. அது வர வர இவர் வேகம் ஏறியது. வேர்வை கண்ணில் இறங்கியது. 'இவ்ளோ தூரம் ஏத்துறாங்களே, இதுல நின்னுட்டா வண்டி சின்னதுரைக்குப் போயிடும்' என்பது ஒன்றுதான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் கையைப் பிடிக்கப் போய், எதிரே பஸ் வருகிற மாதிரி வந்தவரைக் கண்டு விலகிக்கொண்டார்.

டீ குடித்துவிட்டு வந்த இன்னாசிராஜ் அரைக்கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓல்டான்!" என்றான்.

பாண்டுரங்கன் உச்சிப்படியில் அப்படியே நின்றார். ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

"அம்பத்திரெண்டு" என்றாள் நர்ஸ், மயங்கி விழப்போகிறவள் குரலில்.

டாக்டரும் இன்னாசிராஜும் அவரைத் தூக்காத குறையாகப் படுக்கவைத்தார்கள். டாக்டர் குமிழ்களை மறுபடி ஒட்டி, காகிதம் வெளியே வர வர முழம் முழமாக இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"பத்தொம்பது கேட்டேன், அம்பத்திரெண்டு குடுத்திருக்கீங்க. உங்க இருதயம் அப்பவும் முணுமுணுக்கல. ரைட்!"

பாண்டுரங்கன் எழுந்துகொள்ளப் பார்த்தார். டாக்டர் அவரை அழுத்திப் படுக்கவைத்து, மார்பில் தோள்பக்கமாக ஒரு விரலால் குத்தினார். பாண்டுரங்கன் "ஐயோ" என்று துள்ளினார்.

"இதான் உங்க வலி. சதைப் பிடிப்பு. பளுவா எதையாவது சுத்துனீங்களா?"

"அதத்தான் டாக்டர் நாலு நாளா நானும் சொல்லிக்கினு கீறேன்!"

'ஃபிட்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். ஆனால் இருதயத்தைப் பரீட்சை பண்ணினவர்கள் அதைச் சுமந்து ஏறின கால்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை பாயை விட்டு எழுந்திருக்கப் பார்த்தவர், எழுந்திருக்கவில்லை. ஆடுசதை இரண்டும் கல்லாகிக் கிடந்தன. தொடை தொட்டாலே எரிந்தது. மனைவி தையல்நாயகி கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். நின்றவரால் உட்கார முடியவில்லை. தோட்டத்துப் பக்கம் போக வேண்டிய காரியத்துக்கு உட்காராமல் எப்படி? கிணற்றடி வேலிக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை விவரிக்க வேண்டாம்.

திரும்பி வந்தவருடைய மேல்துண்டு விலகியபோது தையல்நாயகி மார்பைப் பார்த்தாள். பார்த்தவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். வட்ட வட்டமாக ஆறு சிவப்புத் தழும்பு.

"இன்னாங்க இது? ஆரு சூடு வெச்சாங்க உங்களுக்கு?"

"சூடு இல்ல தையலு. ரப்பர். இருதயத்தை உறிஞ்சிப் பாத்தாங்க."

"உறிஞ்சிப் பாத்தாங்களா? இன்னாத்துக்கு, சரக்கு நல்லா கீதான்னா?" என்று கேட்டுக்கொண்டே ஆறையும் விரல் வைத்து எண்ணினாள். பசை தடவின இடமெல்லாம் அரிப்பு வேறு. வேப்பெண்ணெய் தடவினாள். காலுக்கு உப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே மெதுவாக இன்னொன்றைச் சொன்னாள். டாக்டர் சீட்டு நல்லபடியாகக் கிடைத்தால் இரண்டு பேருமாகப் பெருமுக்கல் மலை ஏறி வருவதாகச் சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம்.

"மலையா?" என்றார் பாண்டுரங்கன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. "வேற எதுவும் தோணலையா உனக்கு? ஒரு தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டிக்கக் கூடாதா?"

"பெரிய சீக்குன்னு இல்ல நெனச்சேன்? தேங்காய்க்கு எறங்குமா அது?"

மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு நேரே இங்கே வந்தான் இன்னாசிராஜ். நண்பர் படுத்திருந்த கோலத்தைப் பார்த்துக் கவலையோடு பக்கத்தில் உட்கார்ந்தான். தையல்நாயகி செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு வண்டி எடுத்திடுவியா அண்ணே?"

"எடுக்காம? சீட்டு வாங்கியாச்சே."

"அப்ப ரைட்" என்றான் இன்னாசிராஜ், தெரியாத்தனமாக.

பாண்டுரங்கனின் வலது கால் தன்னாலே விருட்டென்று எழும்பி மோர்ச்செம்பை உதைத்தது. செம்பு உருண்டுபோய் வாசற்படியில் நின்றது. அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு அலறினார். தையல்நாயகி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள். இன்னாசிராஜ் அன்று முழுக்க அந்தச் சொல்லை வாயால் சொல்லாமல் 'சரி' என்றே சமாளித்தான். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இடையே அப்படி ஒரு சொல் புழங்கினது அன்றுதான் முதல்.

திங்கட்கிழமை வலி குறையும் என்று நினைத்தார்கள். கூடித்தான் இருந்தது. ஆறு மணிக்கு இன்னாசிராஜ் பின்னாலிருந்து தள்ள, மூட்டை ஏற்றுகிற மாதிரி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏறினதை முதலாளி பார்க்கவில்லை. இருதயராஜ் அப்போதுதான் மனைவியோடு குதிரைவண்டியில் வந்து இறங்கினார். அமலோற்பவமேரிக்கு விழுப்புரத்தில் தங்கை வீட்டில் அந்த வாரக் கடைசியில் ஏதோ விசேஷம். தன் பெயர் எழுதின வண்டியில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, மடியில் பலகாரக் கூடையை வைத்துக்கொண்டாள்.

முதலாளி டாக்டர் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா பாண்டு, ஃபர்ஸ்ட் கிளாஸ் இருதயம்! பரம திருப்தி. எடு வண்டிய."

சின்னதுரை ஆபீஸ் வாசலில் நின்றிருந்தான். அவன் முகத்தில் வருத்தம்கூட இல்லை, பாவம்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நிறைய ஆள். பாண்டுரங்கன் கிளம்பும் முன் பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்ப்பவர். அன்றும் மிதித்தார். முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துவிட்டார். இரண்டாம் தடவை கால் பாதி வழியில் யோசித்துவிட்டுப் போனது. மூன்றாம் தடவை கால் எழும்பவே இல்லை. யாரும் பார்க்காமல் தொடையைக் கையால் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்தார்.

பரவாயில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று ஒரு மனம் சொல்லியது. விக்கிரவாண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டின் குறுக்கே ஓடுவார்கள் என்று இன்னொரு மனம் சொல்லியது. மல்லாட்டைக்கடலை மூட்டை ஏற்றின மாட்டுவண்டி எந்த நிமிஷமும் குறுக்கே திரும்பும். அப்போது பிரேக்குக்குக் காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியுமா? டாக்டர் சீட்டில் எழுதியிருப்பது இருதயம். பஸ்ஸை நிறுத்துவது கால். இறங்கினால் ஆறேகால் வண்டி போய்விடும். பதினாலு வருஷமும் கூடவே போய்விடும்.

பின்னால் விசில் கேட்டது. "போலாம், ரைட்!" என்றான் இன்னாசிராஜ்.

வண்டி நகரவில்லை.

"ரைட்டுண்ணே!"

எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சொல்லுக்குக் கிளம்பினவர்! அதே சொல்லுக்கு அந்த மரப்படியில் ஐம்பத்திரண்டு தடவை ஏறி இறங்கினவர். இப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பிறந்ததிலிருந்து தான் சொல்லாத சொல்லைச் சொன்னார்.

"ஓல்டான்!"

முதலாளி ஓடிவந்தார். "இன்னா, மறுபடி நெஞ்சா?"

"நெஞ்சு நல்லா கீது மொதலாளி. கால் வர்ல. பிரேக்குக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. டாக்டர் வூட்டுப் படியில ஏறி எறங்குனதுல புடிச்சிக்கிச்சி." கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே சொன்னார். "அம்பது பேரு குந்திக்கினு கீறாங்க. சின்னதுரையே எடுக்கட்டும். நல்ல பையன்தான்."

இருதயராஜ் கையிலிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். திங்கட்கிழமை எடுக்காவிட்டால் வண்டி சின்னதுரைக்கு என்று சொன்னவர் அவர். சொன்ன வார்த்தையை மாற்றிக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டிலிருந்து அமலோற்பவமேரி எழுந்தாள். கூடையை எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியில் இறங்கினாள்.

"ஏன் மேரி, நீ ஏன் எறங்குற? சின்னதுரை எடுப்பான்."

"எடுக்கட்டும். அவன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள் அவள். "ஏம்பா பாண்டு, எத்தினி நாள்ல கால் வரும்?"

"மூணு நாள்ல வந்துடும்மா."

"அப்ப நான் வியாழக்கெழமை போறேன், பாண்டு ஓட்டுற வண்டியில. கால் வர்லன்னு வாயத் தெறந்து சொல்ற டிரைவரு எத்தினி பேருக்குக் கெடைப்பாங்க? பலகாரம் கெட்டாப் போயிடும், முறுக்குத்தான்." புருஷனைப் பார்த்தாள். "வண்டி மேல எம் பேரத்தானே எழுதி வெச்சிருக்கீங்க?"

முதலாளி தலையைச் சொறிந்தார். அப்புறம் டாக்டர் சீட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"சின்னதுரை, மூணு நாளைக்கு நீ பாரு. வியாழக்கெழமையிலேர்ந்து பாண்டு எடுப்பான்" என்றார்.

இன்னாசிராஜும் சின்னதுரையும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துப் பாண்டுரங்கனைக் கீழே இறக்கினார்கள். அமலோற்பவமேரி கூடையிலிருந்து இரண்டு முறுக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் ஆபீஸ் சுவரில் சாய்ந்து நின்று, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, முறுக்கைக் கடித்தார்.

சின்னதுரை எஞ்சினைக் கிளப்பினான். இன்னாசிராஜ் படியில் தொற்றிக்கொண்டு விசிலை வாயில் வைத்தான். வைத்தவன் எதையோ நினைத்துக்கொண்டு, சுவரோரம் நின்றவரைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, காலைக் கெட்டியாப் புடிச்சிக்க! சொல்லப் போறேன்!"

பாண்டுரங்கன் மிச்ச முறுக்கை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் வலது தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.